வெள்ளறுகு எந்தக் குடும்பம்?

ஜென்ஷியன் என்றதும் தாவரவியல் அறிந்தவர்களின் மனத்தில் மலையும் நீலமும்தான் விரியும். ஆல்ப்ஸ் மலைப் புல்வெளியில் தரையோடு ஒட்டிப் பூக்கும் அடர்நீலப் பூக்களும், நீலகிரி, பழனி மலைகளின் புல்வெளிகளில் காணும் சுவெர்ஷியாவும் அந்தக் குடும்பத்தின் முகங்களாகவே பழகிவிட்டன. தென்காசி மாவட்டத்தில் இந்தக் குடும்பத்துச் செடி ஒன்றைக் காட்டச் சொன்னால், விவரம் தெரிந்தவர்கள் குற்றால மலையைத்தான் சுட்டுவார்கள். அதில் நியாயம் உண்டு. எக்ஸாகம் என்ற பேரினத்தில் ஒரு செடி குற்றாலத்தின் பெயரையே சுமந்துகொண்டிருக்கிறது. எக்ஸாகம் கோர்டாலென்ஸே என்பது அதன் அறிவியல் பெயர். ஆனால் அருவிக்கரையை விட்டுக் கிழக்கே இறங்கிவந்து, குளத்தங்கரையிலும் ஆடு மேயும் தரிசிலும் குனிந்து பார்ப்பவருக்கு அதே குடும்பத்தின் இன்னொரு செடி கிடைக்கும். ஒரு சாண், இரண்டு சாண் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் தண்டு, கணுவுக்குக் கணு ஒட்டிக்கிடக்கும் சின்னஞ்சிறு வெள்ளைப் பூக்கள். சித்த மருத்துவத்தில் வெள்ளறுகு என்று நீண்ட காலமாகப் புழங்கும் செடி அது. தாவரவியலில் எனிகோஸ்டெமா ஆக்ஸில்லாரே. நீலமும் இல்லை, மலையும் இல்லை. ஆனாலும் ஐயத்துக்கு இடமில்லாமல் அது ஜென்ஷியன் குடும்பத்தைச் சேர்ந்தது. அதை அந்தக் குடும்பத்தில் சேர்ப்பதற்கான சான்று பூவின் நிறத்திலோ, செடியின் கசப்பிலோ, அது வளரும் இடத்திலோ இல்லை. மொட்டு மடிந்திருக்கும் விதத்திலும், இலை தண்டைச் சந்திக்கும் கணுவிலும், சூலகத்தின் உள்ளமைப்பிலும் இருக்கிறது.

முதலில் கண்ணை ஏமாற்றும் செடிகளைப் பார்க்கலாம். மழை பெய்து ஓய்ந்த தென்காசித் தரிசில் வெள்ளைப் பூவைக் கணுக்களில் வளையமாகச் சூடிய செடிகள் மூன்றாவது இருக்கும். ஒன்று தும்பை, இன்னொன்று நத்தைச்சூரி, மூன்றாவது வெள்ளறுகு. மூன்றிலும் இலைகள் ஒன்றுக்கொன்று எதிராக அமைந்திருக்கும். போகிறபோக்கில் பார்ப்பவருக்கு மூன்றும் ஒரே சாயல்தான். தும்பையைப் பிரிப்பது எளிது. அதன் பூ உதடு போல இரண்டாகப் பிளந்திருக்கும். சதுரத் தண்டும் கசக்கினால் எழும் மணமும் துளசிக் குடும்பத்தின் அடையாளங்கள். நத்தைச்சூரியில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அதன் பூவும் சிறியது, ஒழுங்கான வடிவம் கொண்டது, வெள்ளையோ வெளிர்நீலமோ ஆனது. இதழ் மடல்களை எண்ணினால் நத்தைச்சூரிக்கு நான்கு, வெள்ளறுகுக்கு ஐந்து. எண்ணிக்கையை மட்டும் நம்புவதும் ஆபத்துதான். ஜென்ஷியன் குடும்பத்திலேயே நான்கு மடல் கொண்ட செடிகள் நிறைய உண்டு. ஆகவே பூவை விட்டு இலைக்கணுவுக்கு வர வேண்டும். நத்தைச்சூரியின் எதிரெதிர் இலைகளுக்கு நடுவே தண்டைச் சுற்றி ஒரு சவ்வும், அதன் விளிம்பில் விறைத்த மயிர்களும் இருக்கும். அது இலையடிச் செதில். காப்பி, இட்லிப்பூ, மஞ்சணத்தி எல்லாம் அடங்கிய ரூபியேசி குடும்பத்தின் முத்திரை. வெள்ளறுகின் கணுவில் அப்படி எதுவும் இருக்காது. காம்பில்லாத, நீண்டு குறுகிய இலை, மூன்று நரம்புகள் ஓடும் பச்சைப் பரப்போடு நேராகத் தண்டில் வந்து உட்கார்ந்திருக்கும்.

இதைவிட நுட்பமான சான்று மொட்டில் இருக்கிறது. விரியப்போகும் வெள்ளறுகு மொட்டை உருப்பெருக்கிக் கண்ணாடியில் மேலிருந்து பார்த்தால், ஒவ்வொரு மடலும் தன் ஒரு விளிம்பை அடுத்த மடலின்மேல் போட்டு, மறு விளிம்பைத் தனக்கு முந்தைய மடலுக்கு அடியில் கொடுத்து, எல்லாம் ஒரே திசையில் முறுக்கிக்கொண்டிருப்பது தெரியும். குற்றால மலையின் எக்ஸாகத்தின் மொட்டும் இப்படித்தான் முறுக்கியிருக்கும். சரி, முறுக்கு மொட்டு ஜென்ஷியனுக்கு மட்டுமே உரியதா என்றால் இல்லை. வீட்டு வாசலில் நிற்கும் இட்லிப்பூவின் மொட்டும் முறுக்கியதுதான், நந்தியாவட்டையின் மொட்டும் முறுக்கியதுதான். இரண்டுக்கும் எதிரெதிர் இலைகளும் உண்டு. இது தற்செயல் ஒற்றுமையாகத் தோன்றவில்லை, உண்மையிலும் அப்படி இல்லை: ரூபியேசி, நந்தியாவட்டையின் அப்போசைனேசி, ஜென்ஷியனேசி மூன்றும் ஜென்ஷியனேல்ஸ் என்ற ஒரே வரிசையில் வரும் நெருங்கிய உறவுக் குடும்பங்கள். எனவே முறுக்கு மொட்டும் எதிரிலையும் நம்மைத் தெருவரை கொண்டுவந்து விடுகின்றன. வீட்டைக் கண்டுபிடிக்க இன்னும் இரண்டு கேள்விகள் போதும். இலைகளுக்கு நடுவே செதில் இருக்கிறதா, சூலகம் இதழ்களுக்குக் கீழே அமைந்திருக்கிறதா? ஆம் என்றால் இட்லிப்பூவின் குடும்பம். இலையைக் கிள்ளினால் பால் வடிகிறதா? ஆம் என்றால் நந்தியாவட்டையின் குடும்பம். செதிலும் இல்லை, பாலும் இல்லை, சூலகம் இதழ்க்குழலுக்கு உள்ளே மேலாக நிற்கிறது என்றால் ஜென்ஷியன் குடும்பத்துக்கு வந்துவிட்டோம். வெள்ளறுகு இந்த மூன்றாம் வகை. அதன் இளங்காயைப் பிளேடால் குறுக்கே வெட்டிப் பார்த்தால் உள்ளே ஒரே அறை. விதைகள் நடுத்தண்டில் ஒட்டாமல் சுவரோரமாக ஒட்டியிருக்கும். இதுவும் அந்தக் குடும்பத்தின் பொதுவான அமைப்பு.

இங்கே ஒரு மறுப்பு உடனே எழும். எக்ஸாகத்தின் சூலகத்தை வெட்டினால் இரண்டு அறைகள் தெரியும். குற்றாலத்தின் பெயர் பெற்ற செடியே விதிக்கு அடங்கவில்லை என்றால் விதியை நம்புவது எப்படி? இந்தக் கேள்வியிலிருந்து எளிதாக நழுவிவிட முடியாது. குடும்பத்தின் அடையாளம் ஒரு தனிக்குணத்தில் தங்கியிருப்பதில்லை, பல குணங்கள் சேர்ந்த தொகுப்பில் தங்கியிருக்கிறது என்பது பதிலின் ஒரு பாதி. எதிரிலை, செதிலின்மை, பாலின்மை, முறுக்கு மொட்டு, மேலமைந்த இருசூலிலைச் சூலகம் ஆகிய அத்தனையும் எக்ஸாகத்தில் உண்டு. மறுபாதி இன்னும் சுவையானது. ஜென்ஷியன் குடும்பத்தின் வம்சாவளியில் எக்ஸாகமும் அதன் உறவுகளும் பெரும்பான்மையிலிருந்து மிகத் தொடக்கத்திலேயே பிரிந்த கிளை. முன்னதாகப் பிரிந்த கிளையில் வேறுபட்ட அமைப்பு காணப்படுவதில் வியப்பில்லை. எக்ஸாகத்துக்கென்று தனி அடையாளங்களும் உண்டு. அதன் நீண்ட மஞ்சள் மகரந்தப்பைகள் பக்கவாட்டில் பிளப்பதற்குப் பதிலாக நுனித் துளை வழியே திறக்கும். கத்தரிப்பூவிலும் இதே ஏற்பாடுதான். வண்டு பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்தால்தான் தூள் உதிரும். சூல்தண்டு பூவின் நடுவில் நேராக நில்லாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதையும் காணலாம். இந்தப் பேரினத்தின் சுமார் 65 இனங்களில் பாதிக்கு மேல் மடகாஸ்கரில் இருக்கின்றன, மற்றவை இலங்கை, தென்னிந்தியா, சொகோட்ரா தீவு, இமயம், தென்கிழக்கு ஆசியா என்று பரவிக்கிடக்கின்றன. கண்டங்கள் பிரிந்ததால் இந்தப் பரவல் ஏற்பட்டது என்று எண்ண இடமிருந்தது. 2005-இல் வெளிவந்த மரபணு ஆய்வு அந்தக் கணக்கைத் திருத்தியது. நிலங்கள் பிரிந்து வெகுகாலத்துக்குப் பிறகே இந்தச் செடிகள் கடல் தாண்டிப் பரவின என்பது அதன் முடிவு.

நிறத்தை நம்பக் கூடாது என்பதற்கு எக்ஸாகமே சாட்சி சொல்லும். மேற்குத்தொடர்ச்சி மலையில் எக்ஸாகம் பைகலர் என்று அழைக்கப்பட்ட செடியின் மடல்கள் வெள்ளை. நுனியில் மட்டும் ஊதா தோய்ந்திருக்கும். அதன் உறவினங்களில் முழு நீலமும் உண்டு. ஈரப்பாறைகளில் வளரும் கான்ஸ்கோரா வெளிர்சிவப்பிலும் வெள்ளையிலும் பூக்கும். இன்னொரு சாட்சியம் தாவரவியல் வரலாற்றில் இருக்கிறது. 1830-களில் பாளையங்கோட்டையில் கம்பெனிப் படைப்பிரிவின் மருத்துவராக இருந்த ராபர்ட் வைட், குற்றாலத்தின் தாவரங்களைச் சேகரித்தவர். அவரோடு சேர்ந்து தென்னிந்தியத் தாவரங்களை விவரித்த ஜார்ஜ் ஆர்னாட்தான் எக்ஸாகத்துக்குக் குற்றாலத்தின் பெயரைச் சூட்டினார். வைட் 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட படநூலில் 2,101 படங்கள் இருக்கின்றன. ரங்கையா, கோவிந்து என்ற இந்திய ஓவியர்களின் கைவண்ணம் அது. அந்தப் படங்கள் வண்ணமில்லாமல் கறுப்பு வெள்ளையில் அச்சானவை. ஆனால் செடியின் உருவத்தோடு பிளந்த பூ, மகரந்தத்தாள், குறுக்கே வெட்டிய சூலகம் எல்லாம் தனித்தனியாக வரையப்பட்டிருக்கும். ஒன்றே முக்கால் நூற்றாண்டு கடந்தும் செடிகளை இனங்காண அந்தப் படங்கள் எடுத்துப் பார்க்கப்படுகின்றன. நிறம் இன்றியமையாதது என்றால் இது நடந்திராது. 

இனிக் கசப்புக்கு வரலாம். இதுதான் வலுவான மறுப்பு. வெள்ளறுகின் இலையை மென்றவர் அதன் கசப்பை மறக்கமாட்டார். ஜென்ஷியன் குடும்பம் முழுவதற்கும் கசப்பு புகழ் பெற்றது. ஐரோப்பாவில் மஞ்சள் ஜென்ஷியனின் வேரும், இமயத்தில் சிராயதா என்ற சுவெர்ஷியாவும் இந்தக் கசப்புக்காகவே பசியைத் தூண்டவும் காய்ச்சலுக்கும் மருந்தாயின. வட இந்தியாவில் வெள்ளறுகைச் சின்னச் சிராயதா என்ற பொருளில் சோட்டா சிராயதா என்கிறார்கள். நாக்கு எந்த நுண்ணோக்கியும் இல்லாமல் சரியான உறவைக் கண்டுபிடித்துவிட்டதே, பிறகு மொட்டும் கணுவும் எதற்கு என்று கேட்கலாம். இதே நாக்கு இன்னொரு செடியில் தவறிவிட்டது என்பதே பதில். நிலவேம்பும் கடுங்கசப்பு. அதையும் பல இடங்களில் சிராயதாவின் பெயரால் அழைத்தார்கள், சிராயதாவுக்குப் பதிலாகவும் அதில் கலப்படமாகவும் விற்றார்கள். 2012-இல் நெல்லைச் சீமையில் டெங்கு கடுமையாகப் பரவியபோது குடிநீராகக் காய்ச்சிக் கொடுக்கப்பட்ட நிலவேம்பை இன்று தென்காசியில் அறியாதவர் குறைவு. அதன் பூவைப் பாருங்கள். இரண்டு உதடுகளாகப் பிளந்த இதழ், இரண்டே மகரந்தத்தாள்கள். அது கனகாம்பரமும் ஆடாதோடையும் சேர்ந்த அகாந்தேசி குடும்பம்; ஜென்ஷியனுக்கும் அதற்கும் நெருங்கிய உறவில்லை. வேதியியலும் இதையே உறுதிசெய்கிறது. வெள்ளறுகிலும் சிராயதாவிலும் கசப்பைத் தரும் சேர்மங்களில் ஒன்று சுவெர்ஷியாமரின். அது செக்கோஇரிடாய்டு வகை. நிலவேம்பின் கசப்பு ஆண்ட்ரோகிராஃபோலைடு என்ற டைட்டர்பீன் சேர்மத்தால் வருவது. மூலக்கூறின் எலும்புக்கூடே வேறு. கசப்பு ஒரு முறை சரியான விடையையும் ஒரு முறை தவறான விடையையும் தந்தது. எது சரி, எது தவறு என்று தீர்த்துவைத்தது பூவின் அமைப்புதான். கசப்பைப் புறக்கணிக்க வேண்டும் என்பதில்லை. அது ஐயத்தைக் கிளப்பும் துப்பு. தீர்ப்புக்கு வேறு சாட்சி தேவை.

பெயர்களில் நேரும் குழப்பம் இதைவிட ஆழமானது. சங்கபுஷ்பி என்று ஆயுர்வேத நூல்கள் சொல்லும் செடி எது என்ற வழக்கு இன்றும் ஓயவில்லை. வடக்கே ஒரு வகைக் கொடியினத்தையும், கேரளத்தில் நமது சங்குப்பூவையும், வங்காளத்தில் ஜென்ஷியன் குடும்பத்துக் கான்ஸ்கோராவையும் அந்தப் பெயரால் எடுக்கிறார்கள். மூன்றும் மூன்று குடும்பங்கள். நான்கு சிறகு கொண்ட தண்டும், நான்கு மகரந்தத்தாள்களில் ஒன்று மட்டும் பெரிதாக வளர்ந்திருப்பதும் கான்ஸ்கோராவைக் காட்டிக்கொடுக்கும்; படகு போன்ற இதழும் அவரைக்காய் போன்ற காயும் சங்குப்பூவைக் காட்டிக்கொடுக்கும். ஒரே பெயர் எழுதிய மூன்று புட்டிகளில் மூன்று வேறு மருந்துகள் இருக்கக்கூடும் என்றால், செடியை அடையாளம் காண்பது தாவரவியலாளரின் தனிப் பொழுதுபோக்கு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

மரபணுவைப் படிக்கும் காலத்தில் மொட்டையும் கணுவையும் பார்ப்பது பழைய வித்தை என்று ஒதுக்குவோரும் உண்டு. வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. குளத்து நீரில் ஆம்பல் இலைபோல் மிதந்துகொண்டு, ஓரமெல்லாம் மயிர் நீட்டிய வெள்ளைப் பூக்களைப் பூக்கும் நிம்பாய்டெஸ் என்ற செடியை, 1880-களில் வெளிவந்த பிரிட்டிஷ் இந்தியத் தாவரத் தொகுதி ஜென்ஷியன் குடும்பத்தில்தான் வைத்திருந்தது. ஆனால் அதன் இலைகள் எதிரெதிராக அமைந்தவை அல்ல, மொட்டில் மடல்கள் முறுக்காமல் விளிம்போடு விளிம்பு ஒட்டியிருக்கும். இந்த வேறுபாடுகளைக் கொண்டே அதைத் தனிக் குடும்பமாகப் பிரிக்க வேண்டும் என்று தாவரவியலாளர்கள் வாதாடினர். பின்னர் வந்த மரபணுச் சான்று அவர்கள் பக்கம் நின்றது. நிம்பாய்டெஸ் இன்று சூரியகாந்தியின் வரிசையில் இருக்கிறது. எதிர்த் திசையிலும் ஒரு கதை உண்டு. ஃபாக்ரேயா என்ற மரப் பேரினம் முன்பு எட்டியும் தேற்றான்கொட்டையும் அடங்கிய லோகேனியேசி குடும்பத்தில் இருந்தது. மரம், சதைப்பற்றுள்ள கனி, மெழுகு பூசியதுபோன்ற பெரிய பூ; ஜென்ஷியன் என்று யாரும் எண்ணமாட்டார்கள். ஆனால் அதற்கும் மொட்டு முறுக்கியதுதான், இலை எதிரிலைதான், இரிடாய்டு வகைச் சேர்மங்களும் உண்டு. மரபணு ஆய்வு அதை ஜென்ஷியன் குடும்பத்தில், அதுவும் வெள்ளறுகு இருக்கும் உட்பிரிவிலேயே கொண்டுவந்து சேர்த்தது. சிங்கப்பூரின் ஐந்து டாலர் தாளில் படமாக இருக்கும் தெம்புசு மரம் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. வம்சாவளிக் கணக்கில், குற்றால மலையின் நீல எக்ஸாகத்தைவிட அந்த மரத்துக்குத்தான் தென்காசித் தரிசின் வெள்ளறுகு நெருங்கிய சொந்தம். செடியின் அளவும் பூவின் வண்ணமும் எவ்வளவு மேலோட்டமானவை என்பதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை.

கைபேசியில் படம் எடுத்தால் செயலி பெயர் சொல்லிவிடுகிறதே என்பது இன்றைய மறுப்பு. படத்தில் பதியாததைச் செயலியாலும் பார்க்க முடியாது. பூவின் முகத்தை மட்டும் எடுத்த படத்தில் கணு இல்லை, மொட்டின் மடிப்பு இல்லை, சூலறை இல்லை. மொட்டையும் கணுவையும் காயின் குறுக்குவெட்டையும் தெளிவாக எடுத்துவைத்தவருக்கே செயலியின் விடையைச் சோதிக்கவும் முடியும். கூடவே வளரிடத்தையும் குறித்துக்கொள்வது நல்லது, அதை மட்டும் ஆதாரமாக்கிவிடாமல். குற்றாலத்துக்கு மேலே காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதும் செடி பறிப்பதும் கூடாது. எக்ஸாகத்தைப் பொறுத்தவரை நல்ல ஒளிப்படமே போதும். வெள்ளறுகுக்கு அந்தத் தடை இல்லை, ஒரு கிளையும் ஒரு காயும் போதும். அளவில்லாமல் பறித்தால் என்னவாகும் என்பதற்கும் இந்தக் குடும்பத்திலேயே ஒரு கதை உண்டு. அமெரிக்காவின் டெக்சஸ் புல்வெளிகளில் யூஸ்டோமா என்ற ஜென்ஷியன் ஒரு காலத்தில் ஊதாக் கிண்ணம்போல் பூத்துக் குலுங்கியது. அழகுக்காகப் பறித்ததும், புல்வெளிகள் வயலாகவும் வீடாகவும் மாறியதும் சேர்ந்து அதைக் காட்டில் அரிதாக்கின. அதன் வளர்ப்பு வகைகள் லிசியாந்தஸ் என்ற பெயரில் நம் நகரப் பூக்கடைகளுக்கும் வருகின்றன. வெள்ளறுகை அழகுக்காக யாரும் பறிப்பதில்லை. ஆனால் அது வளரும் மேய்ச்சல் நிலம் அரசுக் கணக்கில் தரிசு. தரிசு என்றாலே அங்கே ஒன்றும் இல்லை என்ற பொருள் ஏறிவிட்டது. அந்த நிலத்தில் என்ன இருக்கிறது என்று பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் ஊருக்கு நான்கு பேர் இருந்தால், மனைப் பிரிவாக அளக்கும் முன் ஒரு கேள்வியாவது எழும்.

பூ இல்லாத காலத்தில், அல்லது நாட்டுமருந்துக் கடையில் காய்ந்த கட்டாக வரும்போது இந்த அடையாளங்கள் எவ்வளவு தாங்கும் என்பது கடைசிக் கேள்வி. ஓரளவு தாங்கும். காய்ந்த வெள்ளறுகில் இலை உதிர்ந்தாலும் கணுக்களில் இலைத்தழும்புகள் எதிரெதிராக இருக்கும், நடுவே செதிலின் தடயம் இருக்காது. சிறு உருண்டைக் காய்கள் கணுவைச் சுற்றி நெருக்கமாக அடைந்து கிடக்கும். நிலவேம்பின் தண்டு சதுர விளிம்பு கூர்ந்தது. காய்கள் ஒல்லியாக, முக்கால் அங்குலம்வரை நீண்டு, கணுவில் குவியாமல் கிளைத்த காம்புகளில் தனித்தனியாக நிமிர்ந்து நிற்கும். பிளந்து பார்த்தால் விதையைத் தாங்கும் சிறு கொக்கிகள் தெரியும். வெள்ளறுகின் ஒற்றையறைக் காயில் கொக்கி கிடையாது. காய்களே இல்லாமல் பொடியாக்கிய சரக்கு என்றால் கண்ணின் வேலை அங்கே முடிந்துவிடுகிறது, ஆய்வுக்கூடத்தில் சுவெர்ஷியாமரின் இருக்கிறதா, ஆண்ட்ரோகிராஃபோலைடு இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஆகையால் மருந்துக்கு வாங்குபவர் பொடியைத் தவிர்த்து, காயோடு கூடிய முழுச் செடியாகக் கேட்டு வாங்குவதே பாதுகாப்பு.